பொம்மை யாருக்கு வந்தது?

ஒவ்வொரு ஜனவரியிலும் எர்லீன் நியூ ஆர்லியன்ஸுக்கு ஒரு பயணத் திட்டம் போடுவாள். ஒவ்வொரு ஜனவரியிலும் அவள் கணவன் நூமா அந்தத் திட்டத்தில் மண்ணைப் போடுவான். பெரிய பயணம்கூட இல்லை. சனிக்கிழமை விடிகாலையில் ஹூஸ்டனை விட்டுக் கிளம்பினால், கிழக்கே போகிற ஒரே நெடுஞ்சாலையில் மதியத்துக்குள் போய்விடலாம். ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஞாயிறு திரும்பிவிடலாம். அதற்கு அவன் ஒரு வருடம் முழங்கால் வலி என்றான், ஒரு வருடம் டயர் சரியில்லை என்றான். போன வருடம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், பக்கத்து வீட்டுப் பூனைக்கு உடம்பு முடியவில்லை என்றான். அந்தப் பூனையை அவன் ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

நியூ ஆர்லியன்ஸிலிருந்து இவர்களை ஹூஸ்டனுக்குத் துரத்திய வெள்ளம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. புயல் வருகிறது என்றால் அந்த ஊர்க்காரர்கள் மூன்று நாளுக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள், மூன்று நாளில் திரும்பி வந்து முறிந்த கிளைகளைப் பெருக்கித் தள்ளுவார்கள். வழக்கமே அதுதான். இவர்களும் அப்படித்தான் கிளம்பினார்கள். நூமா அடுப்பில் ஊறப்போட்டிருந்த சிவப்பு பீன்ஸைக்கூட எடுத்துக் கொட்டவில்லை. திங்கட்கிழமை வந்து வேகவைத்துக்கொள்ளலாம் என்றான். அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை. வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டு இடித்துப்போட்டது என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

இந்த ஜனவரியில் விஷயம் வேறு. புதன்கிழமை லியோன்டின் போன் செய்தாள். அந்தத் தெருவில் இவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. வெள்ளத்துக்குப் பிறகு திரும்பிப் போய், பூஞ்சைபிடித்த சுவரையெல்லாம் பெயர்த்துப்போட்டு, வீட்டை மறுபடி எழுப்பிக் குடியிருந்தவள்.

"எர்லீன், கண்ணு, வீட்டை வித்துட்டேன். மாசக் கடைசியில பையன்கூட மெம்ஃபிஸ் போறேன்."

"என்னடி இது, திடுதிப்புனு?"

"படி ஏற முடியல, புல்லு வெட்ட முடியல. நம்ம ஆளுங்கள்ல இந்தத் தெருவுல கடைசி ஆளு நான்தான். வெளக்கை அணைச்சுட்டுப் போறேன். சனிக்கிழமை மூணு ராஜாக்கள் பண்டிகை. கேக் பாக்கி இருக்குன்னு உன் கிழவன்கிட்ட சொல்லு."

அந்தப் பாக்கி ஊர் அறிந்த பாக்கி. கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி ஆறாம் தேதி வரும் மூன்று ராஜாக்கள் பண்டிகையில் ஆரம்பித்து, தவக்காலத்துக்கு முந்தின நாள் வரை, அந்தத் தெருவில் வாரம் ஒரு வீட்டில் ராஜா கேக் வெட்டுவார்கள். வளையமாக, மேலே ஊதா, பச்சை, பொன் நிறத்தில் சர்க்கரை தூவியிருக்கும். உள்ளே எங்கேயோ கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குழந்தைப் பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர்தான் அடுத்த வாரம் கேக் போட வேண்டும். கடைசிக் கேக்கில் பொம்மை வாங்கியவர் அடுத்த ஜனவரியில் முதல் கேக் போட வேண்டும். வெள்ளம் வந்த வருடத்துக் கடைசிக் கேக்கை லியோன்டின் வீட்டில் வெட்டினார்கள். தெருவே தின்று தீர்த்தது, தட்டில் தூள்கூட மிச்சமில்லை. ஆனால் பொம்மையைக் காணோம்.

எல்லோரும் நூமாவைத்தான் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? அதற்கு முன்பு ஒரு வருடம் தப்பித்துக்கொள்வதற்காகப் பொம்மையை விழுங்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் வயிற்றைப் படம் எடுக்க வைத்தவன் அவன். அன்றைக்கு அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. தெரு அட்லாண்டாவுக்கும் டல்லஸுக்குமாகச் சிதறிப்போனது. அன்று முதல் ஒவ்வொரு ஜனவரியும் எங்கெங்கிருந்தோ போன் வரும். "நூமா, கேக் எங்கடா?" அவன் பதில் பேசாமல் வைத்துவிடுவான்.

கிண்டல் செய்யாத ஒருத்தன் உண்டு. லியோன்டினின் கணவன் அல்சீட். நூமாவும் அவனும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். வெள்ளத்துக்கு மறு வருடம் அல்சீட் இறந்துபோனான். ஊர் முறைப்படி பித்தளை வாத்தியம் வைத்து, தெருத் தெருவாக ஆடிக்கொண்டே அவனை வழியனுப்பினார்கள். நூமா போகவில்லை. கார் மக்கர் செய்கிறது என்றான். அன்று சாயங்காலம் எர்லீன் அதே காரில்தான் கடைக்குப் போய்வந்தாள். அதைப்பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நூமாவின் கண்ணில் பிரஷர். இரண்டு ஓரமும் இருட்டிக்கொண்டு வருகிறது. பார்க்க வேண்டியதையெல்லாம் இந்த வருடமே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். லியோன்டின் அங்கே இருக்கும்போதே, கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே, நூமா ஒருமுறை அந்தத் தெருவைப் பார்த்துவிட வேண்டும். எர்லீனுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் சிமோன் மடிக்கணினியோடு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். நூமா பால்கனியில் நாற்காலி போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, பழைய நகரத்துலயே ஹோட்டல் பாக்குறேன். சாயங்காலம் பேய் நடைக்கு டிக்கெட் போடவா?"

"அது என்னடி பேய் நடை?"

"பேய் இருக்கிற வீட்டையெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க."

"அந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச பேய் நாப்பது இருக்கு. எல்லாம் என் சொந்தக்காரங்க. அவங்களைப் பாக்க நான் டிக்கெட் எடுக்கணுமா? அதுவும் சொந்த ஊர்ல ஹோட்டல்ல தங்கினேன்னு தெரிஞ்சா எங்கம்மா கல்லறையில இருந்து எழுந்து வந்துடுவா."

"கவலப்படாத, ஹோட்டலே இல்ல. ஞாயித்துக்கிழமை கால்பந்து ஆட்டமாம், ஊரே நெரம்பியிருக்கு."

"லியோன்டின் வீட்ல படுத்துக்குறோம். நீ கம்ப்யூட்டரை மூடு. என் ஊருக்கு நான் பிளான் போடுறேன்." எர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நேரா மூலைக்கடைக்குப் போறோம். அங்க சிக்கரி காபி குடிச்சுட்டு..."

"அந்தக் கடை போயிடுச்சு" என்றது பால்கனி.

"சரி. அப்ப அந்த வறுத்த சிப்பி ரொட்டிக் கடை."

"அதுவும் போயிடுச்சு. இப்ப அங்க நகத்துக்குச் சாயம் பூசுறாங்க."

"ஹெர்பர்ட் தையக்கடை?"

"மகன் கலிபோர்னியா போயிட்டான். பூட்டிட்டாங்க."

எர்லீன் நாற்காலியோடு பால்கனிப் பக்கம் திரும்பினாள். "பன்னெண்டு வருஷமா அந்த ஊர்ப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதவன் நீ. உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

நூமா நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். வேண்டாம் என்று ஒதுக்கிய ஊரில் எந்தக் கடை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று எவனாவது கணக்கு வைத்திருப்பானா? போனைப் பாதியில் வைக்கிறவன், யார் யாரிடமோ இதையெல்லாம் விசாரித்துக்கொண்டும் இருந்திருக்கிறான். இத்தனை வருடமாக அவனைக் கல்நெஞ்சன் என்று திட்டியதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. சிமோனைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"சரிடி, வழியைக் குறிச்சுக்க. நெடுஞ்சாலையில இருந்து எறங்கி, செயின்ட் பெர்னார்டு அவென்யூல வலதுபக்கம் திரும்பணும்."

"வலதுபக்கமா?" நாற்காலி கிரீச்சிட்டது. "நம்ம ஊர்ல வலது, இடதுன்னு எவளாவது வழி சொல்லுவாளா? ஆத்துப் பக்கம்! ஆத்துப் பக்கம் திரும்பணும். ஹூஸ்டன் தண்ணி குடிச்சுக் குடிச்சு உனக்கு ஏரிப் பக்கம் எது, ஆத்துப் பக்கம் எதுன்னே மறந்துபோச்சு."

"அப்புறம் தேவாலயம் வரும். அதைத் தாண்டி..."

"தாண்டக் கூடாதுடி, தாண்டினா போச்சு!" நூமா உள்ளே வந்துவிட்டான். மேஜையைக் கையால் தடவி, மிளகாய் சாஸ் பாட்டிலை எடுத்து நட்ட நடுவில் வைத்தான். "இது தேவாலயம்." கரண்டி தெருவானது, சர்க்கரைக் கிண்ணம் செருப்புக்கடையானது. "செருப்புக்கடை மூலையில ஆத்துப் பக்கம். இந்தா, இது நம்ம வீடு." ஒரு முட்கரண்டியை வைத்தான். கடைசியாக உப்பு டப்பாவை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தான். "இது அல்சீட் வீடு."

கை உப்பு டப்பாவின் மேலேயே நின்றுவிட்டது. சிமோன் வேறு பக்கம் பார்த்தாள்.

"வழி மட்டும்தான் சொன்னேன். நான் வரல" என்றான்.

"நூமா!"

"போகாத வரைக்கும் எல்லாம் அங்கயே இருக்கு எர்லீன். கண்ணை மூடினா நம்ம வீடு இருக்கு. செருப்புக்கடை இருக்கு. அல்சீட் வாசல்ல உக்காந்து செய்தித்தாள் விரிச்சு நண்டு உடைக்கிறான். போய் ஒருதடவ பாத்துட்டேன்னா அம்புட்டும் போயிடும். அப்புறம் கண்ணை மூடினாலும் வெறும் புல்லுதான் தெரியும்."

எர்லீனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? கண்ணை மூடிப் பாக்குறதுக்கு உனக்கு இனிமே ஆயுசு முழுக்க நேரம் இருக்கு. ஒரே ஒரு சனிக்கிழமை தொறந்து பாருன்னுதான் கேக்குறேன். நீ வரலன்னா நான் தனியா ஓட்டிட்டுப் போவேன். வழியில நீளமா வர்ற அந்தச் சதுப்புநிலப் பாலத்து மேல நடுங்கிக்கிட்டே போவேன். ஆனா போவேன்."

நூமா உப்பு டப்பாவையே திருப்பிக்கொண்டிருந்தான்.

"லியோன்டின் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றான் கடைசியில். "அவன் பெட்டிக்குப் பின்னால நாலு எட்டு நடக்க வராதவன் நான்."

உப்பு டப்பாவை எடுத்து அலமாரியில் வைக்க எர்லீனுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அந்தத் தெருவை மேஜையில் அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் விடிகாலையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக மாடியிலிருந்து இறங்கினாள். காரில் ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். பண்டிகைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, மடியில் கைகள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. சீக்கிரம் எடு" என்றான்.

வழி நெடுக அவன்தான் ஓட்டினான், ஸ்டீயரிங் மட்டும் எர்லீன் கையில். லாரியை முந்து என்றான், முந்தாதே என்றான். சதுப்புநிலப் பாலம் வந்தபோது அவள் கழுத்து விறைத்துவிட்டது. அவன் தண்ணீர்ப் பக்கமே பார்க்காமல், அல்சீட்டோடு இந்தப் பாலத்துக்குக் கீழே படகில் போய், மீன் ஒன்றும் கிடைக்காமல், கடையில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னான். எர்லீன் அந்த மீனை மெச்சிச் சமைத்தவள். முப்பது வருடம் கழித்து இப்போதுதான் உண்மை தெரிகிறது. சிரித்து முடிப்பதற்குள் பாலமும் முடிந்துவிட்டது.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கேக் கடை. ஹூஸ்டனில் வாங்கிவந்த கேக்கை நீட்டினால் லியோன்டின் அதை எடுத்துத் தலையிலேயே அடிப்பாள். கடைப்பெண் பெட்டியோடு பொம்மையைத் தனியாக ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தாள். "வீட்ல நீங்களே உள்ள சொருகிக்கோங்க. யாராவது முழுங்கிட்டு வழக்குப் போடுறாங்கன்னு இப்ப தனியாத்தான் குடுக்குறோம்."

"எல்லாம் உன்னாலதான்" என்றாள் எர்லீன். நூமா கௌரவமாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

அதற்குப் பிறகுதான் பாடு. சிமோன் போட்டுக்கொடுத்த வரைபடம் ஒரு பக்கம் போ என்றது, நூமா அதை வாயை மூடச் சொல்லிவிட்டுச் செருப்புக்கடையைத் தேடு என்றான். செருப்புக்கடை இடிந்து எத்தனை வருடமோ. தேவாலயத்துக்குப் புது வர்ணம் அடித்திருந்தார்கள், இருவருமே அடையாளம் தெரியாமல் தாண்டிப்போனார்கள். ஒரே சதுக்கத்தை மூன்று முறை சுற்றினார்கள். நூமா ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் வாய் மெல்ல அடங்கியது. இவனை இழுத்து வந்திருக்கக் கூடாதோ என்று எர்லீனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அப்போது கார் ஒரு பள்ளத்தில் தடாலென்று இறங்கி ஏறியது. எர்லீனின் பல்லோடு பல் மோதியது.

"நிறுத்து!" என்று கத்தினான் நூமா. "நம்ம பள்ளம்டி! வந்துட்டோம்!"

அந்தப் பள்ளத்தை மூடச்சொல்லி அவனும் அல்சீட்டும் நகராட்சிக்கு அலையாய் அலைந்தார்கள். ஒரு மார்டி கிரா திருவிழாச் சமயத்தில் அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றிப் பிறந்தநாள்கூடக் கொண்டாடினார்கள். வெள்ளம் வந்து வீடுகளைக் கொண்டுபோயிற்று. பள்ளத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவர்கள் வீடு இருந்த இடத்தில் புல். நடுவே வாசற்படி மூன்று மட்டும் சிமெண்டில் நின்றது, எங்கேயும் ஏறிப்போகாத படிகள். நூமா அங்கே போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். எர்லீன் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எதிர்பார்த்த மாதிரி அவன் உடைந்துபோகவில்லை. இரண்டாம் படியின் விளிம்பைக் காலால் தட்டிப் பார்த்தான். "இந்த ஒடசல் நான் ஒடச்சது. ஃபிரிட்ஜ் ஏத்துறப்ப" என்றான்.

லியோன்டின் தன் வீட்டு வாசலில் ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். பின்னால் வீடெங்கும் அட்டைப்பெட்டிகள்.

நூமா கேக் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான். வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவன் மாதிரி ஒரே மூச்சில் சொன்னான்.

"லியோன்டின், அன்னிக்குப் பொம்மை எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் ஒளிச்சுட்டேன். இந்தா உன் கேக்."

திருட்டுப் பயல் கடைசியில் ஒப்புக்கொண்டானே என்று எர்லீன் வாயைத் திறக்கப்போனாள். அதற்குள் லியோன்டின் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"புளுகாத கிழவா! அது என் புருஷன் கன்னத்துல இருந்துச்சு. எல்லாரும் போனப்பறம் துப்பிக் காமிச்சான். 'நூமா பாத்துட்டான் லியோன்டின், ஆனா தோலை உரிச்சாலும் சொல்லமாட்டான்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். ஊரே உன்னை ஏசுனப்ப நான் வாயைத் தொறக்கல. என்னைக்குத்தான் அவனைக் காட்டிக் குடுக்குறன்னு பாக்கலாம்னு இருந்தேன்."

"உயிரோட இருந்தப்பவே காட்டிக் குடுக்கல" என்றான் நூமா. "செத்தப்பறமா குடுப்பேன்?" அவன் குனிந்து கேக் பெட்டியைப் பார்த்தான். "வந்திருக்கணும் லியோன்டின். அவன் பின்னால நடந்திருக்கணும்."

"நடந்திருக்கணும்தான்." அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "ஒரு வருஷம் உன் பேரை எடுத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்புறம் அதுவும் தேஞ்சுபோச்சு. உள்ள வா. கேக்கைக் குடு, பொம்மையை நான் சொருகுறேன். உன்னை நம்பமாட்டேன்."

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மேஜையில் ஓர் ஓரத்தை ஒதுக்கினார்கள். ஆளுக்கொரு துண்டை லியோன்டின்தான் வெட்டி வைத்தாள். எர்லீன் தன் துண்டில் பொம்மையைத் தேடித் தேடித் தின்றாள். இல்லை. லியோன்டினும் தட்டைக் காலி செய்துவிட்டாள்.

"யாருக்கு வந்துச்சு?" என்று கேட்டாள் லியோன்டின்.

நூமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வலது கன்னம் புடைத்திருந்தது. முகத்தில் ஒரு பச்சைக் குழந்தையின் அப்பாவித்தனம். வெள்ளத்தோடு போய்விட்டது என்று எர்லீன் நினைத்திருந்த முகம் அது. அவளுக்கு எழுந்து அதைக் கையில் ஏந்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"மூணே பேர்தான் இருக்கோம். எனக்கு வரல, அவளுக்கு வரல" என்றாள் லியோன்டின்.

"உள்ள வைக்க மறந்திருப்ப. வயசாயிடுச்சுல்ல" என்றான் நூமா, வாயில் எதுவோ உருள.

மூன்று பேரும் சிரித்தார்கள். லியோன்டின்தான் முதலில் நிறுத்தினாள். காலித் தட்டில் கிடந்த ஊதாச் சர்க்கரையை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"மெம்ஃபிஸ்ல எவனுக்கும் இந்தக் கேக் பத்தித் தெரியாது" என்றாள். "அடுத்த ஜனவரி எனக்கு யாரு வெட்டிக் குடுப்பா?"

நூமா மெல்லுவதை நிறுத்தினான். பொம்மையை உள்ளங்கையில் துப்பினான். கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெளிச்சம் மிச்சமிருக்கும் இடத்தில் பிடித்து, அதை நன்றாகப் பார்த்தான். பிறகு சட்டையில் துடைத்து மேஜைமேல் வைத்தான்.

"ஹூஸ்டன்ல மூணாவது மாடி. லிஃப்ட் கெடையாது. பகல் முழுக்க ஓட்டணும், உன் பையனை ஓட்டச் சொல்லு" என்றான். "வழி சொல்றேன், நல்லாக் கேட்டுக்க."

மேஜையைக் கையால் தடவி லியோன்டினின் உப்பு டப்பாவை எடுத்து, பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதுதான் என் வீடு."